அரைகுறை அண்ணியும் ஏழு இணைப்புச் சொற்களும்

ஒரு கை மட்டுமே உள்ள கம்பளிச் சட்டை ஒன்று அவளுடைய பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. வீட்டுக்காரருக்காக ஆசை ஆசையாய்ப் பின்ன ஆரம்பித்தது. இரண்டாவது கைக்கு வருவதற்குள் குளிர்காலம் முடிந்துவிட்டது, ஆசையும் முடிந்துவிட்டது. அதன்மேல் நீச்சல் வகுப்பில் கொடுத்த ரப்பர் தொப்பி. அதற்கும் மேல், கார் ஓட்டிப் பழகுவதற்கான அனுமதி அட்டை. அது காலாவதியாகிப் பல வருஷங்கள். "பஸ் டிரைவர் பெண்டாட்டி, உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?" என்று யாராவது கேட்டால், "பாதி தெரியும். கிளப்பிடுவேன், நிறுத்தத்தான் வராது" என்பாள். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தான் முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வலி குறைவு. நாற்பத்தேழு வயதுக்குள் அவள் முழுசாகக் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

'அரைகுறை அண்ணி' என்று பெயர் வைத்தவள் நாத்தனார். அடுத்த தெருவில் அழகு நிலையம் நடத்துகிறாள். வருகிறவர்களின் தலைமுடியை வெட்டுவதைவிட அவர்களுடைய குடும்பத்தை அலசுவதில் கெட்டிக்காரி. அவள் வைத்த பெயர் ஒரு தெரு தாண்டி, இரண்டு தெரு தாண்டி, பஸ் டெப்போ வரைக்கும் போய்விட்டது.

அரைகுறை அண்ணிக்கு வேலை கண்ணாடிக் கடையில். கவுண்டரில் நின்று, வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருத்தமாகச் சட்டம் எடுத்துக் கொடுக்க வேண்டும். கடையின் பின்பக்கம் ஓர் இருட்டறை. அங்கேதான் கண் பரிசோதனை. பரிசோதிக்கிறவர் முக்காலியில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் கண்முன்னே வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். ஊரே அடங்கி ஒடுங்கிப் பதில் சொல்லும். வீட்டில் அவள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் இத்தனை மரியாதையாகப் பதில் வந்ததில்லை. அந்த முக்காலியில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"பள்ளிக்கூடம் முடிச்ச சான்றிதழ் கொண்டாங்கம்மா. நானே பயிற்சிக்கு அனுப்பறேன்" என்றார் முதலாளி.

பள்ளிக்கூடத்தை அவள் முடிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? மற்றப் பாடங்களில் பழைய மதிப்பெண்ணே போதும் என்றார்கள். பெரியவர்களுக்கான தேர்வில் இரண்டு மொழிகள் மட்டும் எழுதினால் போதும். ஆங்கிலம் கட்டாயம், இன்னொன்று நம் விருப்பம். விண்ணப்பம் நிரப்பும்போது, லத்தீன் பேசுகிற ஊர் என்று இப்போது எதுவுமே இல்லை என்று பக்கத்தில் நின்ற யாரோ சொன்னார்கள். அவள் மனத்தில் விளக்கு எரிந்தது. தப்பாகப் பேசினால் சிரிக்க ஆளே இல்லாத மொழி! உடனே டிக் அடித்துவிட்டு வந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த புத்திசாலித்தனமான காரியங்கள் எல்லாமே இந்த ரகம்தான்.

ஒரு சபதமும் செய்தாள். தேறும்வரை ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. தேறாவிட்டால் எப்போதுமே தெரியக் கூடாது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் "கடையில ஸ்டாக் எடுக்கறாங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். எந்தக் கண்ணாடிக் கடையிலும் வாரம் இரண்டு முறை கண்ணாடியை எண்ண மாட்டார்கள். பஸ் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது என்பது அவள் கணக்கு.

வகுப்பு நடந்த இடத்தைச் சொல்ல வேண்டும். எல்லாக் கூத்துக்கும் காரணம் அதுதான். முக்கியச் சாலையில் ஒரு ஸ்கேன் சென்டர். வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: புற்றுநோய், மூளை, இதயம் என்று பெரிய பெரிய எழுத்து. நோயாளிகள் போனபிறகு, டாக்டரின் தங்கை அந்தக் காத்திருப்புக் கூடத்தில் பாடம் நடத்துவாள். தனியாகப் பலகை வைக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. உள்ளே இருக்கும் இயந்திரங்களுக்காக ஏசி எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். பனிக்கட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மேடம் குளிர் தாங்காமல் அண்ணனுடைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்வாள். மாணவர்களைக் கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். வரும்போதே ஆளுக்கொரு டோக்கன். சுவரில் மணியடித்துச் சிவப்பு எண் எரிந்தால் அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். அரைகுறை அண்ணி எப்போதும் ஏழாம் எண்ணைத்தான் எடுப்பாள்.

"இணைப்புச் சொல்லுன்னா என்ன, ஏழு?"

"ரெண்டைச் சேர்த்து வைக்கிறது, மேடம்."

"எந்த ரெண்டை? ரெண்டு பக்கமும் ஒரே தகுதி இருக்கணும். பேருக்குப் பேரு. வாக்கியத்துக்கு வாக்கியம்."

"எங்க வீட்டுல அப்படி ஒரு சம்பந்தம் நடந்ததே இல்லையே மேடம்!"

வகுப்பே சிரித்தது. வகுப்பு என்றால் ஆறேழு பேர். அதில் பூங்காவின் தோட்டக்காரர் சிரித்தால் மட்டும் கூரை அதிரும். செடிகளின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றிவிட்டேனே என்று லத்தீன் படிக்க வந்தவர் அவர்.

சிரிக்க வைப்பது சுலபம், படிப்பதுதான் மலை. ஆங்கிலத்தில் ஏழு இணைப்புச் சொற்கள்: அண்ட், பட், ஆர், நார், ஃபார், சோ, யெட். அதற்கு ஈடாக லத்தீனில் எட், செட், அவுட், வெல், நெக், நாம், எர்கோ என்று ஒரு பெரிய கூட்டம். மண்டையில் நிற்கவில்லை. கடைசியில் அவள் குடும்பத்தையே துணைக்குக் கூப்பிட்டாள். 'பட்' என்றாலும் 'செட்' என்றாலும் நாத்தனார். "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு அண்ணி, ஆனா..." என்று இழுக்கிறவள் வேறு யார்? 'ஆர்' அந்த இருட்டறை முக்காலி: இதுவா, அதுவா? 'நார்' சாட்சாத் வீட்டுக்காரரேதான்; வெளியே கூட்டிக்கொண்டும் போக மாட்டார், வீட்டிலும் சும்மா உட்கார மாட்டார். 'யெட்' தான் அவள். இத்தனைக்குப் பிறகும், இருந்தாலும், இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே என்று கிளம்புகிற ஜென்மம்.

லத்தீனில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவளுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. 'ரொட்டியும் தண்ணீரும்' என்பதை 'பானிஸ் எட் அக்வா' என்று நடுவில் ஒரு சொல் வைத்தும் சொல்லலாம். 'பானிஸ் அக்வாக்வே' என்று இரண்டாவது சொல்லின் வாலில் ஒட்டியும் சொல்லலாம். "நம்ம 'உம்' மாதிரியே வாலைப் பிடிச்சுக்குதே!" என்று கைதட்டினாள். அன்று முழுக்கக் கடையில் சளி பிடித்த வாத்து மாதிரி 'அக்வாக்வே, அக்வாக்வே' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அடுத்த வாரம் வைத்த சின்னத் தேர்வில் 'நார்', 'நெக்' இரண்டும் காலை வாரிவிட்டன. ஏனென்றால் என்ற பொருளில் 'ஃபார்' வரும் என்பதே மறந்துபோயிற்று. மேடம் விடைத்தாளில் போட்ட வட்டங்களைப் பார்த்தபடி படியிறங்கி வந்தவள், ஸ்கேன் சென்டர் வாசலிலேயே நின்று மூக்கைச் சிந்தி அழுதாள். 'இதையும் பாதியில் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது' என்று அந்தச் சமயத்தில் மனசு சொன்னது நிஜம். சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கவனிக்கவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் மாறிப்போனார்.

இருபத்தைந்து வருஷமாக ஊரைச் சுற்றும் வட்டப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் சாவியை மேஜையில் எறிந்துவிட்டு, "எங்கே துண்டு?" என்று கேட்பதுதான் அவருடைய காதல் வசனம். அவர் அன்று துண்டைத் தானே தேடிக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை. "அமிர்தமா இருக்கு" என்றார். காற்று வரும் ஜன்னல் பக்கத்துக் கட்டிலை விட்டுக்கொடுத்தார். அவளை 'ஏய்' என்று கூப்பிடுகிற வாயால், "தங்கம், காலை அமுக்கிவிடட்டுமா?" என்றார்.

இருபத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சரி, வேறு எவளோ ஒருத்தி வந்துவிட்டாள்; குற்ற உணர்ச்சியில் மனுஷன் உருகுகிறார். அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். டீசல். டீசல் பூசிக்கொள்ளும் பெண் இந்த ஊரில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. குளியலறையில் மட்டும் குழாய் ரொம்ப நேரமாக ஓடியது. "தண்ணி என்ன ஆத்துலயா ஓடுது?" என்று கதவைத் தட்டிச் சத்தம் போட்டாள். உள்ளேயிருந்து, "மன்னிச்சிடு தங்கம்" என்றது குரல்.

விஷயம் நாத்தனார் மூலம் வெளிவந்தது. ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தவள், வாசலிலேயே அண்ணியைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே அண்ணி! நாங்க அந்நியமா?"

"எதை மறைச்சேன்?"

"நடிக்காதீங்க. அண்ணன் பஸ்ஸுலேர்ந்து பார்த்துட்டார். வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த ஸ்கேன் சென்டருக்குப் போறீங்க. அன்னிக்கு வாசல்ல நின்னு அழுதீங்களாம், கையில ரிப்போர்ட்டோட. ஸ்டாப் இல்லாத இடம், நிறுத்தவும் முடியலை. ஓட்டிக்கிட்டே அழுதாராம்." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அரைகுறைன்னு கூப்பிட்டேனே, இந்த நாக்கை அறுக்கணும்."

அந்த நேரத்தில் இடி இடித்திருக்க வேண்டும். திரைச்சீலை படபடத்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே நல்ல வெயில். 'ஐயோ, எனக்கு நோயில்லை, நான் லத்தீன் படிக்கிறேன்' என்று சொல்ல அவள் வாயைத் திறந்துவிட்டாள். சத்தியமாகத் திறந்தாள். ஆனால் அதற்குள் நாத்தனார் அழுதுகொண்டே துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டாள். ஒரு மலை துணி. மடித்து முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று அண்ணி நினைத்தாள். மடித்து முடித்ததும் பாத்திரம் கழுவினாள். அதையும் முடிக்கட்டும் என்று நினைத்தாள்.

இப்படித்தான் நாள்கள் ஓடின. சொன்னால் சபதம் போச்சு. தேர்வில் தோற்றால் ஊரே சிரிக்கும்: சாகப் போகிறாள் என்று நினைத்தோம், அதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று. இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் வெட்கப்பட்டாள். அந்தக் 'தங்கம்' காதுக்கு இனித்தது. ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. கால் அமுக்குவதற்கு ஆள் கிடைத்தபின் இலக்கணம் நன்றாக மண்டையில் ஏறியது. 'எர்கோ, ஆகையால், இன்னும் ஒரு வாரம் நோயாளியாகவே இருப்போம்' என்று முடிவெடுத்த மகராசி அவள்.

அந்த ஒரு வாரம் முடிவதற்குள் கண்ணாடிக் கடைக்கு வீட்டுக்காரருடைய பஸ்ஸின் கண்டக்டர் வந்தான். மூக்கில் அழுத்துகிறது என்று சட்டத்தைச் சரிசெய்யக் கொடுத்தவன், அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"உடம்பு எப்படி இருக்கு அக்கா?"

"அதுக்கென்ன, இருக்கு."

"தைரியமா இருங்க. அண்ணன்தான் பாவம். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு இப்பத்தான் கடலோர ரூட்டு கிடைச்சுது. ஒரு நாள் போக, ஒரு நாள் வர. உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்னு மேனேஜர்கிட்ட வேண்டாம்னுட்டார். இன்னிக்குச் சாயங்காலம் அதை வேற ஆளுக்குப் போட்டுடுவாங்க."

ஸ்க்ரூடிரைவர் அவள் கையிலிருந்து நழுவியது.

கடலோர ரூட்டு! கல்யாணமான புதிதில் அவர் பேசிய ஒரே கனவு அது. 'செக்கு சுத்தற மாதிரி இந்த ஊரையே சுத்தறேன். ஒரு தடவை நேரா ஓட்டணும், வலது பக்கம் முழுக்கக் கடலா இருக்கணும்' என்பார். ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் வேறு யாருக்காவது போகும். அது கிடைத்ததைக்கூட அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டும் கொடுத்துவிட்டார். எதற்காக? ஜன்னல் காற்றில் காலை நீட்டிக்கொண்டு 'நெக், நார்' படிக்கிற ஒரு மோசக்காரிக்காக! அந்த நிமிஷம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கையில் கண்டக்டரின் கண்ணாடி இருந்ததால் அறையவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தவர் சமையலறையில் அவளுக்காகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம் தங்கம்." அவர் கத்தியை வைத்துவிட்டு அவள் வாயைப் பொத்தினார். கையெல்லாம் வெங்காய வாசனை.

"ம்ம்... அந்த ஸ்கேன் சென்டர்ல..."

"தெரியும். நீ சொல்லாதே. உன் வாயால அதைக் கேட்க என்னால முடியாது."

"அட, நான் அங்கே படிக்கத்தான்..."

"படிச்சுக்கிட்டியா ரிப்போர்ட்டை? ஐயோ, தனியாவா படிச்சே?"

மனுஷன் கேட்கிற நிலையில் இல்லை. வெங்காயமும் துக்கமும் சேர்ந்து கண்ணிலிருந்து கொட்டியது. அவள் அவர் கையைப் பிடித்தாள். "சரி, கிளம்புங்க. என்னோட வாங்க. நீங்களே நேர்ல கேட்டுக்குங்க."

அவர் முகம் வெளுத்தது. உள்ளே போய், கல்யாணம் காரியத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று வகுப்பு நாள். காத்திருப்புக் கூடத்தில் தோட்டக்காரர் முதலிய நாலைந்து பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் டோக்கனை எடுத்தாள். உள் அறையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு மேடம் வந்ததும், அவர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"இவர்தான் உங்க வீட்டுக்காரரா? நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க" என்றாள் மேடம்.

"எதையும் மறைக்க வேண்டாங்க மேடம். எவ்வளவு நாள் இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

மேடம் பெருமூச்சு விட்டாள். "நாள் ரொம்பக் கம்மி சார். அடுத்த வாரம் முடிஞ்சுடும்."

அவர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார்.

"மேடம், அவர் வந்து..." என்று இவள் குறுக்கே போனாள்.

"நீங்க சும்மா இருங்க. வீட்டுல ஒருத்தருக்காவது நிலைமை தெரியணும். சார், வாரத்துக்கு ரெண்டு தடவை இங்கே வந்தா மட்டும் போதாது. வீட்டுலயும் யாராவது பக்கத்துல இருந்து பார்க்கணும். ரொம்ப முன்னாடியே வந்திருக்கணும் இவங்க."

"என் தப்புதாங்க. நான் கவனிக்கலை." அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குள் சுவரில் சிவப்பாக ஏழு எரிந்தது. அந்த மணிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பது அவளுக்கு அனிச்சையாகிவிட்டது. எழுந்து நின்றாள்.

"சரி, ஏழு. போன வாரம் கொடுத்த வாக்கியம். 'அவுட்' ரெண்டு தடவை வரணும்."

"அவுட் விவெட், அவுட் மோரியெடுர்."

"தமிழ்ல?"

"அவள் பிழைப்பாள், இல்லாவிட்டால் சாவாள்."

"ரெண்டும் சேர்ந்து நடக்குமா?"

"நடக்காது மேடம். ரெண்டுல ஒண்ணுதான்."

"சரியாச் சொன்னாங்க!" என்று தோட்டக்காரர் கைதட்டினார்.

"யோவ், நீ மனுஷனாய்யா?" என்று வீட்டுக்காரர் அவர்மேல் பாய்ந்தார்.

பிறகு நடந்ததை விவரமாகச் சொல்வது அவளுக்குப் பெருமை இல்லை. தோட்டக்காரரின் சால்வையிலிருந்து வீட்டுக்காரரின் கையைப் பிரித்தெடுத்தார்கள். மேடம் லத்தீன் புத்தகத்தை எடுத்து முன்னட்டையைக் காட்டினாள். இவள் ஸ்டாக் எடுத்த கதையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் எழுந்து வெளியே போனார். படிக்கட்டில்தான் வெடித்தார்.

"மூணு வாரம்! மூணு வாரம் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதிருக்கேன்டி! நீ உள்ளே உட்கார்ந்து லத்தீன் படிச்சுக்கிட்டிருந்தியா?"

"தண்ணி வீணாகுதுன்னு நான் திட்டினேனே..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. தன்னைக் கிண்டல் செய்துகொள்ள அத்தனை வருஷம் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. "பயமா இருந்துதுங்க. இதையும் பாதியில விட்டுடுவேன்னு. அப்புறம் நீங்க தங்கம்னு கூப்பிட்டதும் சொல்ல மனசு வரலை."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நோய் ஒண்ணும் இல்லையே? நிஜமா?"

"லத்தீனைத் தவிர ஒண்ணும் இல்லை."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. "எழுந்திருங்க! டெப்போ! உங்க ரூட்டை வேற ஆளுக்குப் போட்டுடுவாங்க!"

அவருடைய வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். டெப்போவில் அலுவலக விளக்குகள் அணைந்திருந்தன. மேனேஜர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"சார், அந்தக் கடலோர ரூட்டு!"

"யாரும்மா நீங்க? விலகுங்க."

"இவர் சம்சாரம். இவர் வேண்டாம்னு சொன்னது செல்லாது சார். நான் சாகலைன்னு இவருக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டு வந்தார்கள். முழுக் கதையையும் சொன்னால்தான் ஆகும் என்றாகிவிட்டது. வேறு வழியில்லை. ஸ்கேன் சென்டர், வெள்ளைக் கோட்டு, டோக்கன் ஏழு, கால் அமுக்கியது வரை ஒன்றுவிடாமல், பத்துப் பதினைந்து டிரைவர் கண்டக்டர் நடுவில், சபதமாவது ஒன்றாவது என்று சொல்லி முடித்தாள். பக்கத்தில் வீட்டுக்காரர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற ஆளுக்கு இன்னும் எழுதலைம்மா. காலையில எழுதலாம்னு வச்சிருந்தேன். திங்கக்கிழமை வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

விடிவதற்குள் நாத்தனாருக்குச் செய்தி போய்விட்டது. போனில் அவள் குரல் கணீரென்று இருந்தது.

"லத்தீனா அண்ணி? நான் மடிச்ச துணிக்கெல்லாம் கூலி குடுத்துடுங்க. அழுத கண்ணீருக்குத் தனியா."

"குடுத்துடறேன். பரீட்சை முடியட்டும்."

"பரீட்சை வரைக்கும் போவீங்களா? பாதியில வந்துட மாட்டீங்களே?"

அதுதான் கேள்வி. இப்போது ஊருக்கே தெரிந்த கேள்வி. தேர்வு நாள் காலையில் வீட்டுக்காரர் கடலோரத்தில் எங்கோ ஓட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் அழகு நிலையத்தைப் பூட்டிவிட்டு, ஃபிளாஸ்க்கில் டீயோடு தேர்வு மையத்தின் கேட்டுக்கு எதிரே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பாதி நன்றாகவே போனது. ஆங்கிலத்தில் ஏழு சொற்களும் குடும்பத்தோடு வந்து வரிசையாக நின்றன. லத்தீனில் நடுப்பக்கத்தைத் தாண்டும்போது பழைய வியாதி ஆரம்பித்தது. கை வலித்தது. எழுத்து மங்கியது. வாக்கியங்களை இணைக்கச் சொன்ன கேள்வியில் 'நெக்' போடுவதா, 'எட்' போட்டு எதிர்மறை சேர்ப்பதா என்று தெரியவில்லை. 'போதும், இவ்வளவு எழுதினதே பெரிசு' என்று உள்ளுக்குள் ஒரு குரல் செல்லமாகச் சொன்னது. கம்பளிச் சட்டையின் ஒரு கையோடு நிறுத்தச் சொன்ன அதே குரல். பேனாவை மூடினாள். எழுந்துகொள்ள நாற்காலியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டாள்.

ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. பெஞ்சில் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வெளியே போனால் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவளைத் தாண்டித்தான் தெருவுக்கே போக முடியும். அரைகுறை அண்ணிக்கு வீரம் வந்துவிடவில்லை, அறிவொளியும் பிறக்கவில்லை. வெட்கம்தான் பிடரியைப் பிடித்து உட்கார வைத்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். பேனாவைத் திறந்தாள். தெரிந்ததை எழுதினாள், தெரியாததையும் எழுதினாள். மணி அடித்து மேற்பார்வையாளர் வந்து தாளைப் பிடித்து இழுக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தாள்.

கூடத்தைவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் நின்றபடியே போன் செய்தாள். அந்தப் பக்கம் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் ஊரில் வண்டி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார்.

"எழுதிட்டேங்க."

"முழுசாவா?"

"கடைசிக் கேள்வி வரைக்கும். இங்கிலீஷ் தேறிடும். லத்தீன்தான் சந்தேகம்."

"சரி, வண்டியை எடுக்கணும். வைக்கிறேன்" என்றார். ஆனால் வைக்க மறந்துவிட்டார். போனைச் சட்டைப் பையில் போட்ட சத்தம் கேட்டது. அப்புறம், அவளிடம் இருபத்து மூன்று வருஷமாகப் பேசியே இராத ஒரு குரலில், முன்பின் தெரியாத ஒரு பஸ் நிறைய ஜனங்களிடம் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"என் சம்சாரம் பரீட்சை எழுதி முடிச்சுட்டாங்க!"

பின் சீட்டிலிருந்து யாரோ ஒருவர் கத்தினார்: "ரொம்ப சந்தோஷம் டிரைவர். நேரமாகுது, வண்டியை எடுங்க!"